குறுகிய காலம், நீண்ட காலம்: உற்பத்திச் செலவு எங்கே பிரிகிறது?

"குறுகிய காலம் என்றால் எத்தனை மாதம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். காலண்டரில் இதற்கு விடை கிடையாது. இடம், இயந்திரம் என்று ஏதாவது ஒன்றையாவது மாற்ற முடியாத வரை குறுகிய காலம். எல்லாமே மாற்றத்தக்கதானால் நீண்ட காலம்.

ஒரு பட்டறைக்கு நிலையான செலவு (வாடகை போல, எவ்வளவு செய்தாலும் மாறாதது) நாளுக்கு 1,000 ரூபாய், மாறும் செலவு (மூலப்பொருள் போல, உற்பத்தியோடு கூடுவது) பொருளுக்கு 5 ரூபாய் என்று வையுங்கள். 100 பொருள் செய்தால் ஒரு பொருளுக்குச் சராசரிச் செலவு 15. 200 செய்தால் 10. அதே இயந்திரத்தில் 250 எடுக்கப் பார்த்தால் ஓவர்டைம், பழுது, சேதாரம் எல்லாம் சேர்ந்து மாறும் செலவு 9 ஆகலாம். மொத்தச் சராசரி 13க்கு ஏறிவிடும். இன்னொரு இயந்திரம் வாங்குவது நீண்ட கால முடிவு.

விற்பனை விலை 8க்கு விழுந்தால்? பலர் சறுக்குவது இங்கேதான். 200 பொருள் விற்றால் நாளுக்கு 400 நட்டம், மூடினாலோ 1,000. எனவே இப்போதைக்கு ஓட்டுங்கள். வாடகை ஒப்பந்தம் முடியும்போது, அந்த 1,000ஐயும் சேர்த்துக் கணக்கை மறுபடி போடுங்கள்.