டயர் ரிம்மை விட்டுக் கழல்வது ஏன்? – வாசகர் கேள்வி பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் மிதிவண்டி டயரைப் பற்றி எழுதிய கடிதங்களுக்கு இந்த இதழில் ஒருசேரப் பதில் தருகிறோம்.

கேள்வி: மகள் பள்ளிக்குச் செல்லும் 26 அங்குல சைக்கிளுக்குப் புதிதாகப் பின் டயர் வாங்கிப் போட்டோம். பழைய டயரிலும் 26 என்றுதான் இருந்தது. புதியது லீவர் இல்லாமல் கையாலேயே ஏறிவிட்டது. இப்போது காற்று நிறைய இருக்கும்போதே திருப்பங்களில் ரிம்மை விட்டு வெளியே வந்துவிடுகிறது. ரிம்மை மாற்ற வேண்டும் என்கிறார் கடைக்காரர். மாற்றத்தான் வேண்டுமா?
– வாசகி, காரிமங்கலம்

பதில்: ரிம்முக்குச் செலவழிப்பதற்கு முன் டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண்களைப் பாருங்கள். கையாலேயே ஏறிவிட்டது என்று நீங்கள் எழுதியிருப்பதே, குறை பெரும்பாலும் டயரின் அளவில் இருக்கும் என்று எண்ண வைக்கிறது. சரியான அளவுள்ள டயரும் பழகிய கைக்கு லீவர் இல்லாமல் ஏறுவதுண்டு என்றாலும், கடைசி ஒரு சாண் நீளத்தை விளிம்புக்குள் தள்ளும்போது கட்டைவிரல் வலிக்கத்தான் செய்யும்.

காற்றுதான் டயரைப் பிடித்து வைத்திருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. டயரின் இரண்டு ஓரங்களிலும் ரப்பருக்குள் நீண்டு கொடுக்காத எஃகுக் கம்பி ஒன்று வளையமாக ஓடுகிறது. ரிம்மின் உட்புறத்தில், இரு பக்கச் சுவர்களையும் ஒட்டி அந்தக் கம்பி அமர்வதற்கான சிறு மேடையும், நடுவில் அதைவிடத் தாழ்ந்த பள்ளமும் இருக்கின்றன. கம்பி மேடையின் மேல் சுற்றிலும் அமர்ந்திருக்கும் வரை விளிம்பைத் தாண்டி வெளியே வர முடியாது. ஏனெனில் விளிம்பின் சுற்றளவு கம்பியின் சுற்றளவை விடப் பெரியது. கம்பி நடுப்பள்ளத்துக்கு நழுவிவிடாமல் அதைப் பக்கச் சுவரோடு அழுத்தி வைப்பதே காற்றின் வேலை. 1888-இல் டன்லப் உருவாக்கிய காற்று டயரைத் துணி சுற்றிச் சக்கரத்தோடு ஒட்டி வைத்திருந்தார்கள். பஞ்சர் ஒட்டுவதற்குக் கழற்றுவதே பெரும்பாடாக இருந்தது. 1890-இல் இங்கிலாந்தில் வெல்ச் என்பவர் கம்பி வளையம் கொண்ட டயருக்குக் காப்புரிமை பெற்றார். இன்று நாம் ஓட்டும் சைக்கிள்களில் இருப்பது அடிப்படையில் அந்த முறைதான்.

இப்போது உங்கள் 26-க்கு வருவோம். அந்த எண் காற்றடித்த டயரின் வெளி விட்டத்தைத் தோராயமாகக் குறிக்கிறது. கம்பியின் விட்டத்தை அது சொல்வதில்லை. 26 × 1 3/8 என்ற டயரின் கம்பி அமரும் விட்டம் 590 மில்லிமீட்டர். 26 × 1 1/2 என்றால் வழக்கமாக 584. தடித்த பட்டன் டயர்களில் காணும் 26 × 1.75, 26 × 2.125 போன்றவற்றுக்கு 559. மூன்றையும் கடையில் இருபத்தாறு என்றே கேட்கிறோம், இருபத்தாறு என்றே தருகிறார்கள். 584 ரிம்மில் 590 டயரைப் போட்டால் விட்டத்தில் வேறுபாடு 6 மில்லிமீட்டர்தான். ஆனால் சுற்றளவில் அது ஏறத்தாழ 19 மில்லிமீட்டர் தொய்வாகிறது. காற்றடித்தவுடன் பார்ப்பதற்குச் சரியாகவே இருக்கும். சைக்கிளைச் சாய்த்துத் திருப்பும்போது அந்தத் தொய்வு முழுவதும் ஒரே பக்கமாகச் சேர்ந்து, கம்பி விளிம்பின் மேல் ஏறிவிடும். பின்னமாக எழுதிய அளவும் தசமமாக எழுதிய அளவும் கணக்குப் பாடத்தில் சமமாக இருக்கலாம்; டயரில் அப்படிக் கொள்ளக் கூடாது.

28 அங்குலத்திலும் இதே சிக்கல் உண்டு. பழைய கறுப்புச் சைக்கிள்களின் 28 × 1 1/2 டயருக்கு 635 மில்லிமீட்டர். 28 என்ற பெயரிலேயே விற்கும் 700சி வகைக்கு 622.

ஆகவே டயர் வாங்கும்போது 37-590 என்பது போல நடுவில் கோடிட்டு எழுதிய எண்ணைத் தேடுங்கள். முதலில் உள்ளது டயரின் அகலம், அடுத்து வரும் மூன்று இலக்கம் கம்பி அமரும் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். மூன்று இலக்க எண் பழைய டயரிலும் புதிய டயரிலும் ஒன்றாக இருக்க வேண்டும். அகலம் ஓரிரு மில்லிமீட்டர் மாறினால் கவலை இல்லை. பழைய டயரில் எழுத்து தேய்ந்து போயிருந்தால் சக்கரத்தையே கழற்றிக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். ரிம்மிலும் சில சமயம் அளவு பொறித்திருக்கும்.

கடைக்காரர் சொல்வதிலும் உண்மை இருக்கக் கூடும். அதைச் சோதிக்க எளிய வழி உண்டு. டயர் கழலும்போதெல்லாம் அந்த இடத்தில் ரிம்மில் சாக்பீஸால் குறியிடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் கழன்றால், பள்ளத்தில் மோதி அங்கே விளிம்பு மலர்ந்திருக்கலாம். டயரை எப்படித் திருப்பி மாட்டினாலும் அதன் ஒரே பகுதியே ஒவ்வொரு முறையும் வெளியே வந்தால் அங்கே டயர் கம்பி அறுந்திருக்கலாம். இடம் மாறி மாறிக் கழன்றால் ரிம்மின் மேல் பழி போட வேண்டாம்.

கேள்வி: பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல்லுக்கு நண்பர்களுடன் மலைப்பாதையில் இறங்கினேன். வழிநெடுக பிரேக்கைப் பிடித்துக்கொண்டே சென்றேன். பாதி வழியில் முன் டயர் பிதுங்கி ட்யூப் வெடித்தது. ரிம்மைத் தொட முடியாத அளவுக்குச் சூடு. வெயில்தான் காரணமா?
– வாசகர், பென்னாகரம்

பதில்: வெயில் துணை நின்றிருக்கலாம், ஆனால் முதல் காரணம் அது அன்று. 30 டிகிரியில் 50 பிஎஸ்ஐ அழுத்தம் வைத்த டயர் 60 டிகிரிக்குச் சூடானாலும் அழுத்தம் சுமார் 56 வரைதான் உயரும்; சரியாக அமர்ந்திருக்கும் டயர் அதைத் தாங்கும். பிரேக் கட்டை ரிம்மில் உரசி எழுப்பும் சூடு வேறு கணக்கு. நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு 100 மீட்டர் உயரம் இறங்கும்போதும் வெளிப்படும் ஆற்றல் கால் லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். வேகமாகச் செல்பவருக்கு அதில் ஒரு பெரும் பகுதியை எதிர்க்காற்று வாங்கிக்கொள்ளும். பிரேக்கை விடாமல் பிடித்தபடி மெதுவாகச் செல்பவருக்கோ அநேகமாக முழுவதும் ரிம்முக்கே போய்ச் சேரும். அந்தச் சூட்டில் ட்யூப் மெலிந்து, ஒட்டுப்போட்ட இடத்தில் பசை இளகி, டயரின் ஓரமும் பிடிப்பை இழக்கிறது.

இறக்கத்தில் இரண்டு பிரேக்குகளையும் பயன்படுத்துங்கள். வளைவுக்கு முன்பே அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, நேர்ப்பாதையில் விட்டுவிடுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்தால் உடம்பே காற்றைத் தடுத்து வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும். நடுவில் நிறுத்தி ரிம் ஆறும் வரை நிற்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. மற்றொன்று: பிரேக் கட்டை ரிம்மில் மட்டும் படுகிறதா, மேலேறி டயரின் பக்கவாட்டையும் தேய்க்கிறதா என்று பாருங்கள். தேய்த்தால் சில நாட்களிலேயே துணியிழை வெளியே தெரியத் தொடங்கும். அந்த டயரை மலைப்பாதைக்கு எடுத்துச் செல்லக் கூடாது.

கேள்வி: ஓசூரில் வேலைக்குச் சைக்கிளில்தான் செல்கிறேன். புதிய ட்யூப் போட்டு பெட்ரோல் பங்க்கில் காற்றடித்தபோது டயர் ஒரு பக்கம் எழும்பி, படீரென்று வெடித்தது. டயர் தரமற்றதா?
– வாசகர், ஓசூர்

பதில்: டயரைக் குறை சொல்வதற்கில்லை. ட்யூபின் ஒரு பகுதி டயர் கம்பிக்கும் ரிம்முக்கும் இடையில் சிக்கியிருந்திருக்கும். காற்று ஏற ஏற அந்த இடத்தில் கம்பியைத் தூக்கிவிட்டது. கார், லாரிகளுக்கான கம்ப்ரசர் சைக்கிள் ட்யூபைச் சில நொடிகளில் நிரப்பிவிடும் என்பதால், பார்த்துச் சரிசெய்ய உங்களுக்கு நேரமே கிடைத்திருக்காது.

ட்யூபை மாட்டும் முன் அதில் சிறிது காற்றடித்து உருண்டை வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். தட்டையாக இருந்தால்தான் மடிந்து சிக்கும். வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் டயரை மாட்டத் தொடங்கி வால்வு இருக்கும் இடத்தில் முடிக்க வேண்டும். வால்வின் அடித்தடிப்பு நடுப்பள்ளத்தை அடைத்துக்கொள்வதால், அங்கே முதலில் மாட்டினால் கம்பி பள்ளத்தில் இறங்காமல் எதிர்ப்பக்கம் தேவையற்ற இறுக்கம் ஏற்படும். லீவரால் நெம்பிக் கம்பியை முறிப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் முறிக்கிறார்கள். மாட்டி முடித்ததும் வால்வை ஒரு முறை உள்ளே தள்ளி வெளியே இழுங்கள். கைப்பம்பால் பாதிக் காற்று மட்டும் அடித்து, சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். டயரின் ஓரத்தை ஒட்டி மெல்லிய கோடு ஒன்று சுற்றிலும் ஓடும். அது ரிம்மின் விளிம்பிலிருந்து எல்லா இடத்திலும் ஒரே தொலைவில் தெரிய வேண்டும். ஓரிடத்தில் மறைந்தோ துருத்தியோ இருந்தால் காற்றை இறக்கி, கையால் அமுக்கிச் சரிசெய்துவிட்டு மீண்டும் அடியுங்கள். ஓரம் வழுக்கி அமரச் சோப்புத் தண்ணீர் போதும். மண்ணெண்ணெயும் கிரீசும் ரப்பரைக் கெடுக்கும்.

முழு அழுத்தம் எவ்வளவு என்பது டயரிலேயே எழுதியிருக்கும். ஆனால் ரப்பர் வால் ட்யூப் (வால்வுத் தண்டின் மேல் மாட்டும் சிறு ரப்பர் குழாய்) போட்ட நம் ஊர் வால்வில் அழுத்தமானி சரியான அளவைக் காட்டாது. ஏறி உட்கார்ந்தால் டயர் லேசாக மட்டும் அமுங்க வேண்டும், கட்டைவிரலால் பக்கவாட்டை அழுத்தினால் குழி விழக் கூடாது.

கேள்வி: கழலும் டயரை ரிம்மோடு சேர்த்துச் சணலால் கட்டி ஓட்டலாமா?
– வாசகர், ஊத்தங்கரை

பதில்: வேண்டாம். சணல் தேய்ந்து அறுந்தால் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையில் சுற்றிக்கொண்டு சக்கரத்தையே நிறுத்திவிடும். டயர் கழல்வதற்குக் காரணம் அறுந்த கம்பியாகவும் இருக்கலாம்: தோட்டத்து ஈரத்திலும் மழையிலும் நெடுநாள் நின்ற சைக்கிளில் டயர் கம்பி உள்ளேயே துருப்பிடித்து அறுந்திருக்கக் கூடும். அதை ஒட்டவோ கட்டவோ வழியில்லை.

கேள்வி: ஓட்டிக்கொண்டிருக்கும்போதே டயர் கழன்றால் என்ன செய்வது?
– மாணவி, அரூர்

பதில்: கழன்றது முன் டயர் என்றால் முன் பிரேக்கைத் தொடாதீர்கள், ஹேண்டிலைத் திருப்பாதீர்கள்; பின் பிரேக்கை மெதுவாகப் பிடித்து நேர்க்கோட்டிலேயே நில்லுங்கள். பின் டயர் என்றால் பெடல் செய்வதை உடனே நிறுத்திவிட்டு முன் பிரேக்கால் சிறிது சிறிதாக வேகத்தைக் குறையுங்கள். தொங்கும் டயர் செயினில் சிக்கினால் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும். நின்ற பிறகு ட்யூப் பிதுங்கியிருந்தால் முதலில் காற்றை இறக்குங்கள். டயரை உள்ளே தள்ளிக் காற்றடித்தாலும், கழன்ற காரணம் தெரியும் வரை அதில் ஏறி ஓட்டாமல் தள்ளிக்கொண்டு செல்வதே நல்லது. டயர் இல்லாத வெறும் ரிம்மில் உருட்டினால் விளிம்பு கல்லில் பட்டு மலர்ந்துவிடும் என்பதால், அந்தப் பக்கத்தைத் தூக்கிப் பிடித்தபடி கடை வரை நடத்திச் செல்லுங்கள்.