இரண்டாம் இடத்துக்கு வந்த கோடைக்கால ஆல்பம்

கே: 'எ லாங் வெகேஷன்' என்று 1981-இல் ஜப்பானில் வந்த பாப் ஆல்பத்தை இன்னமும் புதுப் பதிப்பு போட்டு விற்கிறார்களாமே? பழசை யார் திரும்பத் திரும்ப வாங்குகிறார்கள்? (வாசகர், கும்பகோணம்)

ப: ஏற்கெனவே வைத்திருப்பவர்களும்தான்! என்னிடமே இரண்டு இருக்கின்றன. மூன்றாவதை வீட்டில் தடுத்துவிட்டார்கள். பாடியவர் எய்ச்சி ஓதாக்கி. அப்போது அவருக்கு 32 வயது. சொந்தமாக 'நயாகரா' என்று இசைத்தட்டு வெளியிடும் லேபிள் வைத்து வருஷக்கணக்கில் தனக்குப் பிடித்ததையெல்லாம் செய்து பார்த்தவர். விஷயம் தெரிந்தவர்கள் மெச்சினார்கள், கல்லா நிரம்பவில்லை. 1978-இல் போட்ட இசைத்தட்டும் விற்காமல் போய், கடைசியில் சி.பி.எஸ். சோனி என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்கு மாறினார்.

புது ஆல்பத்தை 1980 ஜூலையில், தன் பிறந்தநாளுக்கு வெளியிடத் திட்டம். பாட்டெழுத 'ஹாப்பி எண்ட்' இசைக்குழுவில் கூட இருந்த பழைய நண்பர் தக்காஷி மாட்சுமோட்டோவைக் கேட்டார். அந்த நேரம் பார்த்து மாட்சுமோட்டோவின் தங்கை இறந்துபோனார். என்னால் எழுத முடியாது, வேறு ஆள் பார்த்துக்கொள் என்றார் அவர். ஓதாக்கி வேறு ஆள் பார்க்கவில்லை. தேதியைத் தள்ளிப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். தொடர்ந்து நஷ்டம் பார்த்த ஒருவர் புதுக் கம்பெனியில் இப்படித் தேதியைத் தள்ளுவது லேசான காரியமா?

1981 மார்ச் 21-இல் தட்டு வந்தபோது பத்துப் பாட்டில் ஒன்பது மாட்சுமோட்டோ எழுதியவை. தங்கை போன பிறகு தெருவே கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தது என்று அவர் பின்னாளில் சொன்னார். முதல் பாட்டில் நினைவுகளுக்கு வண்ணம் பூசச் சொல்லிக் கேட்பது அங்கிருந்து வந்ததுதான். மெட்டு என்னவோ துள்ளல்! பல கிட்டார், பல பியானோ எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாசிக்க வைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள். உள்ளே இருக்கும் துக்கம் முதல் தடவை கேட்கும்போது பிடிபடாது. அதனால்தான் பத்தாவது தடவையும் கேட்க முடிகிறது என்பது என் கட்சி.

அப்புறம் அந்த அட்டை. ஹிரோஷி நாகாய் வரைந்த நீச்சல்குளம், பனைகள், நீல வானம், ஒரு மனுஷர் கிடையாது. அதைப் பார்த்தே வாங்கியவர்கள் உண்டு.

கே: அப்படியானால் வந்தவுடனே முதலிடமா? (வாசகி, மதுரை)

ப: இல்லை. ஜப்பானில் வாராவாரம் இசை விற்பனையைக் கணக்கிடும் ஓரிகான் பட்டியலில் அது எட்டிய உச்சமே 2-ஆம் இடம்தான். ஆனால் இறங்காமல் விற்றுப் பத்து லட்சத்தைத் தாண்டியது. 1984-இல் வந்த அடுத்த ஆல்பம் 'ஈச் டைம்' முதலிடம் பிடித்தது. இருந்தும் ஓதாக்கி என்றால் ஜனங்கள் சொல்வது இதைத்தான். பட்டியல் ஒரு வாரக் கணக்கு, அவ்வளவுதான்.

கம்பெனிக்காரர்களின் சாமர்த்தியத்தையும் சொல்ல வேண்டும். 1982 அக்டோபரில் சோனி முதன்முதலாக சி.டி. விற்க ஆரம்பித்தபோது வந்த 50 தலைப்புகளில் இதுவும் ஒன்று. பிறகு 2001, 2011, 2021 என்று பத்து வருஷத்துக்கு ஒரு தடவை, அதே மார்ச் 21-இல் சிறப்புப் பதிப்பு. 2020-இல் 'ககுஷிகோதோ' என்ற அனிமே தொடருக்கு முதல் பாட்டை முடிவுப் பாட்டாக வைத்தார்கள். மறு வருஷம் ஸ்ட்ரீமிங்கிலும் ஏற்றினார்கள். 2013 டிசம்பரில் காலமான ஓதாக்கிக்கு, அவர் இறந்த பிறகு பிறந்த ரசிகர்களும் இருக்கிறார்கள்.

கே: ஜப்பானிய மொழி தெரியாதவன் எந்தப் பாட்டில் ஆரம்பிக்கலாம்? (வாசகர், திருநெல்வேலி)

ப: முதல் பாட்டிலேயே. பியானோ சுருதி சேர்ப்பதும், தாளம் எண்ணுவதும்கூட அப்படியே பதிவாகியிருக்கும், தாண்டிப் போய்விடாதீர்கள். பாட்டு வரிசையைக் கலைத்துப் போடும் ஷஃபிள் மட்டும் வேண்டாம். ஒன்பது பாட்டு கடற்கரை வெயிலில் காய்ந்த பிறகு, பத்தாவதில் சைபீரியாவுக்கு ரயில் ஏற்றிவிடுகிறார் மனுஷர்.