குழி ஆழமாக இருக்கலாம், நெருக்கமாக இருக்கக் கூடாது

போச்சம்பள்ளி வாசகி ஒருவரின் கேள்வி: "வயது 27. மாநிறத்தை விடச் சற்றுக் கறுப்பு. கன்னம் முழுக்கப் பருத்தழும்புப் பள்ளங்கள். பெங்களூரில் ஒரு கிளினிக்கில் லேசர் பவரைக் கூட்டி வைத்து ஒரே சிட்டிங்கில் முடித்துவிடலாம் என்கிறார்கள். தர்மபுரியில் பார்த்த டாக்டர், குறைத்து வைத்து நான்கு முறை செய்யலாம் என்கிறார். யார் சொல்வது சரி? அம்மாவுக்கு 53 வயது. கண்ணோரச் சுருக்கத்துக்கும் இதே செட்டிங்தானா? தை மாதம் அண்ணன் கல்யாணம்."

நான் தர்மபுரி டாக்டர் பக்கம். ஆனால் 'பவர்' என்ற ஒரே சொல்லில் இரண்டு சங்கதிகள் கலந்து கிடக்கின்றன. முதலில் அதைப் பிரித்துக்கொள்வோம்.

பருத்தழும்புக்கு அதிகம் பயன்படுவது ஃப்ராக்‌ஷனல் கார்பன் டை ஆக்ஸைடு லேசர். முகத்தை மொத்தமாகச் சுரண்டாமல், கண்ணுக்குத் தெரியாத குழிகளை வரிசையாகப் போடும். குழிகளுக்கு நடுவே விட்டுவைத்த நல்ல தோல்தான் புண்ணை ஆற்றுகிறது. உங்கள் ஊரில் மாங்கன்று நட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: குழியின் ஆழம் ஒரு கணக்கு, குழிக்குக் குழி இடைவெளி வேறு கணக்கு. லேசரில் மில்லிஜூல், அதாவது ஒரு குழிக்குச் செலுத்தும் ஆற்றல், என்பது ஆழம். அடர்த்தி, அதாவது தோலின் பரப்பில் குழிகள் பிடிக்கும் பங்கு, என்பது இடைவெளி. மாந்தோப்பில் அடர் நடவு லாபம் தரலாம், நம் நிறத்து முகத்தில் அது நஷ்டம்.

இந்த லேசர் தோலின் நிறத்தைத் தேடிப் போவதில்லை. தோலில் உள்ள நீரைத்தான் சூடாக்குகிறது. அப்படியும் கறுப்பது ஏன்? குழிகள் நெருங்கினால் சூடு ஒன்றோடொன்று சேர்ந்து தோல் அழலும். அழன்ற தோல் நிறமியைக் கொட்டும். அதனால் முதல் சிட்டிங்கில் அடர்த்தி 5 முதல் 10 சதவீதத்துக்குள் இருக்கட்டும். பள்ளம் ஆழமாக இருந்தால் மில்லிஜூலைக் கொஞ்சம் கூட்டுவதில் தப்பில்லை. ஒன்றைக் கவனியுங்கள்: 5 சதவீதம் வைத்து அதே இடத்தில் இரண்டு முறை ஓட்டினால் ஏறக்குறைய 10 சதவீதம். "குறைச்சலாகத்தான் வைத்தோம்" என்பார்கள். எத்தனை முறை ஓட்டினார்கள் என்று கேளுங்கள்.

தோழிக்கு 20 மில்லிஜூல் வைத்தார்கள், எனக்கும் அதையே வையுங்கள் என்று கேட்பவர்கள் உண்டு. மெஷினுக்கு மெஷின் அந்த எண்ணுக்கு அர்த்தம் மாறும். ஒளிப்புள்ளியின் விட்டம் 120 மைக்ரான் என்பது 240 ஆனால் பரப்பு நான்கு மடங்கு; அதே 20 மில்லிஜூலின் செறிவு கால் பங்காகிவிடும்.

எல்லாப் பள்ளத்துக்கும் லேசர் மருந்தல்ல. ஊசி குத்தினாற்போல் ஆழ்ந்தவற்றுக்கு டிசிஏ (ட்ரைகுளோரோ அசிட்டிக்) அமிலத்தைத் துளித்துளியாக வைப்பது மேல். அலை அலையாக இறங்கியவற்றை, அடியில் இழுத்துப் பிடிக்கும் நாரை ஊசியால் அறுத்துவிட வேண்டும். ஓரம் செங்குத்தான பள்ளங்களில்தான் லேசர் நன்றாக வேலை செய்கிறது.

அம்மாவுக்கு அதே செட்டிங் கூடவே கூடாது. கண்ணிமைத் தோலின் கனம் சுமார் அரை மில்லிமீட்டர்தான். அங்கே ஆழம் வேண்டாம். குறைந்த மில்லிஜூலில் மேலோட்டமான சூடு போதும், கண்ணுக்குள் கவசம் வைத்துத்தான் செய்ய வேண்டும். சிரிக்கும்போது மட்டும் விழும் சுருக்கம் என்றால் அது தசையின் வேலை. லேசருக்குச் செலவு செய்வது வீண்.

அடுத்து கல்யாணக் கணக்கு. ஆறு வாரத்துக்கு ஒன்றாக, ஆடி தொடக்கத்தில் ஆரம்பித்தால் கார்த்திகை தொடக்கத்தில் நான்காவது முடியும். பள்ளம் மேடேற மேலும் மூன்று மாதமாவது பிடிக்கும், ஆனாலும் தைக்குள் சிவப்பு அடங்கியிருக்கும். ஆடி தவறிவிட்டால் இரண்டோடு நிறுத்தி, மீதியைக் கல்யாணத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். மார்கழியில் மட்டும் போய் உட்காராதீர்கள். ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் முகம் காட்ட முடியாது, வண்டியில் வெயிலில் போகவும் முடியாது. எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீனை இப்போதே தொடங்குங்கள்.

டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை சில. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் பூசிய 'வெள்ளையாக்கும்' கிரீம் உண்டா? அதில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும், தோல் மெலிந்திருக்கும். பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை சாப்பிட்டீர்களா, எப்போது நிறுத்தினீர்கள்? உதட்டோரம் அடிக்கடி கொப்புளம் வருமா? காது குத்திய இடம் தடித்து வளர்ந்ததா?

முதல் நாளே முழு முகத்தையும் கொடுக்காதீர்கள். காதுக்கு முன்னால் காசளவு இடத்தில் அதே செட்டிங்கில் செய்து பார்க்கச் சொல்லி, நான்கு வாரம் பொறுங்கள். கறுத்தால் அடர்த்தியைக் குறைக்க வேண்டும், அல்லது நுண்ணூசி (மைக்ரோநீடிலிங்) சிகிச்சைக்கு மாற வேண்டும். அதற்கெல்லாம் நேரமில்லை என்கிற இடத்தில் முன்பணம் கட்டாதீர்கள்.