ராயல் யோமன்ரி: குதிரை இல்லாத குதிரைப்படை – கேள்வி பதில்

பிரிட்டன் இராணுவத்தின் ரிசர்வ் (பகுதிநேர வீரர்கள் கொண்ட) இலகு குதிரைப்படை ரெஜிமென்டான ராயல் யோமன்ரி பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: இந்த ரெஜிமென்டின் குதிரைகளை எங்கே வைத்திருக்கிறார்கள்?

குதிரைகளே கிடையாது. இன்று அவர்கள் ஓட்டுவது ஜாக்கல் என்ற வண்டி. எல்லோருக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன்: படையின் பெயரை வைத்து அதன் வேலையை முடிவு செய்யாதீர்கள். பெயர் அப்படியே இருக்கும், வேலை மாறிக்கொண்டே போகும்.

கேள்வி: 'யோமன்ரி' என்றால் என்ன?

யோமன் என்பவர் சொந்த நிலம் வைத்திருந்த குடியானவர். 1794இல் பிரெஞ்சுக்காரர்கள் படையெடுத்து வருவார்கள் என்ற பயத்தில், பிரிட்டன் பிரதமர் வில்லியம் பிட் காலத்தில், மாவட்டம் மாவட்டமாக இந்தத் தன்னார்வக் குதிரைப்படைகளைத் திரட்டினார்கள். குதிரை அவரவர் வீட்டுக் குதிரைதான். பழைய யோமன்ரிப் படைகளின் பெயர்களைத் தாங்கிய ஐந்து ஸ்குவாட்ரன்களை (ரெஜிமென்டின் உட்பிரிவுகளை)ச் சேர்த்து 1967 ஏப்ரல் 1 அன்று ராயல் யோமன்ரி உருவானது. அப்போது அவர்களிடம் இருந்தவை சலாடின், ஃபெரட் போன்ற கவச வண்டிகள்.

கேள்வி: இலகு குதிரைப்படை போரில் என்னதான் செய்யும்? டாங்கி இல்லாமல் எப்படிச் சமாளிப்பார்கள்?

நல்ல கேள்வி. அவர்கள் வேலை சண்டையைத் தேடிப் போவதல்ல, வேவு பார்ப்பது. பெரிய படை நகருவதற்கு முன்னால் பாலம் தாங்குமா, எதிரி எங்கே ஒளிந்திருக்கிறான், எத்தனை வண்டி என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஜாக்கலுக்குக் கூரை கிடையாது. ஓட்டுநருக்குப் பக்கத்தில் வண்டித் தலைவர், அவர் முன்னால் ஓர் இயந்திரத் துப்பாக்கி. பின்னால் உயரத்தில் நிற்பவர் கையில் கனரகத் துப்பாக்கி. தூசியும் மழையும் நேராக முகத்தில் அடிக்கும். ஆனால் நாலா பக்கமும் கண்ணுக்குத் தெரியும், காதுக்கும் கேட்கும். மேட்டுக்குக் கொஞ்சம் முன்பே வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஒருவர் இறங்கி ஊர்ந்து போய் பைனாகுலரில் பார்ப்பார். பார்த்ததை வயர்லெஸ்ஸில் சொல்லிவிட்டு, எதிரி கவனிக்கும் முன் இடம் மாற வேண்டும். நின்று அடித்துக்கொண்டால் அந்த மெல்லிய வண்டி தாங்காது.

கேள்வி: வார இறுதியில் மட்டும் சீருடை போடுபவர்களை நிஜ சிப்பாய் என்று சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம். வருடத்துக்குச் சுமார் 27 நாள் பயிற்சி, மற்ற நாட்களில் சொந்த வேலை. 2003இல் ஈராக் போருக்கு இவர்களின் ஸ்குவாட்ரன்களை அழைத்தபோது போனார்கள். அங்கே செய்தது அணு, உயிரி, ரசாயன ஆயுதங்களைக் கண்டறியும் வேலை. குதிரைப்படை என்ற பெயருக்கும் அந்த வேலைக்கும் என்ன சம்பந்தம்? அதனால்தான் முதல் பதிலில் அந்த எச்சரிக்கையைச் சொன்னேன்.

கேள்வி: பீட்டர்லூவில் மக்களை வெட்டியதும் இவர்கள்தானே?

பீட்டர்லூ படுகொலை என்பது இதுதான்: 1819 ஆகஸ்ட் 16 அன்று மான்செஸ்டரில், ஓட்டுரிமை கேட்டுக் கூடிய சுமார் 60,000 பேர் மீது வாளோடு பாய்ந்தது மான்செஸ்டர் அண்ட் சால்ஃபர்ட் யோமன்ரி. அது பெருங்கொடுமை, அதில் மழுப்ப எதுவும் இல்லை. ஆனால் அது வேறு படை. பின்னர் கலைக்கப்பட்டது. ராயல் யோமன்ரியின் ஸ்குவாட்ரன்கள் எதுவும் அதிலிருந்து வந்ததல்ல.

கேள்வி: அணிவகுப்புக்காவது குதிரை வைத்திருப்பார்களே?

முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: இந்தியாவோடு ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. முதல் உலகப் போர், 1918 செப்டம்பர் 23, பாலஸ்தீனத்தின் ஹைஃபா நகரம். ஜோத்பூர், மைசூர் சமஸ்தானங்களின் லான்சர்கள் (ஈட்டி ஏந்திய குதிரைப்படை) நகரைப் பிடித்தார்கள். அன்று கார்மல் மலையில் இருந்த பீரங்கிகளை நோக்கி மைசூர் வீரர்கள் ஏறியபோது, ஷெர்வுட் ரேஞ்சர்ஸ் யோமன்ரியின் ஒரு ஸ்குவாட்ரனும் கூடப் போனது. இன்று ராயல் யோமன்ரியில் அந்தப் பெயரில் ஒரு ஸ்குவாட்ரன் இருக்கிறது.

கேள்வி: நம்மவர் வெற்றியில் வெள்ளைக்காரனுக்கு ஏன் பங்கு கொடுக்கிறீர்கள்?

பங்கு கொடுக்கவில்லை ஐயா, நடந்ததைச் சொல்கிறேன். நகருக்குள் பாய்ந்தது ஜோத்பூர் லான்சர்கள். மேஜர் தல்பத் சிங் அதில் உயிர் கொடுத்தார். அந்தப் பெருமை முழுக்க அவர்களுடையது. மலையில் நடந்தது அதோடு சேர்ந்த இன்னொரு தாக்குதல். மேலே இருந்த பீரங்கிகளை அப்படியே விட்டிருந்தால், கீழே பாய்ந்தவர்கள் மீது குண்டு கொட்டியிருக்கும்.

கேள்வி: அப்படியென்றால் டெல்லி தீன் மூர்த்தியில் ஏன் வெள்ளைக்காரச் சிலை இல்லை?

அது ஹைதராபாத், மைசூர், ஜோத்பூர் சமஸ்தானப் படைகளின் நினைவுச் சின்னம். அந்த மூன்று சிலைகள்தான் அங்கே இருக்க வேண்டும். ஒரு மைசூர் வீரர் முட்புதரையும் கல்லையும் தாண்டிக் குதிரையை மேலே இழுத்துக்கொண்டு போனதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. பக்கத்தில் இன்னொருவரும் ஏறினார் என்பதால் அந்தத் துணிச்சல் ஒரு இம்மியும் குறையாது. இதற்கு மேல் இதே கேள்வி வந்தால் பதில் எழுத மாட்டேன்.

கேள்வி: நம் 16 லைட் கேவல்ரியும் இதே மாதிரிதானா?

இல்லை. அது 1776இல் ஆற்காட்டுப் பக்கம் உருவான, இன்று நிரந்தர இராணுவத்தில் இருக்கும் டாங்கி ரெஜிமென்ட். பெயரில்தான் 'லைட்'. 1965 போரில் அவர்கள் ஓட்டியது செஞ்சுரியன் டாங்கி!

கேள்வி: நான் லண்டனில் படிக்கிறேன். சேர முடியுமா?

விசா, குடியுரிமை விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். பிரிட்டன் இராணுவ ஆள்சேர்ப்பு அலுவலகத்தில் கேளுங்கள் தம்பி.

கேள்வி: கடைசியாக எப்போது குதிரையோடு போருக்குப் போனார்கள்?

ஷெர்வுட் ரேஞ்சர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் குதிரைகளோடுதான் பாலஸ்தீனத்துக்குப் போனார்கள். அப்புறம் குதிரைகளைப் பறிகொடுத்துவிட்டு லிபியாவின் டோப்ரூக்கிலும் கிரேக்கத் தீவான கிரீட்டிலும் கரையோர பீரங்கிக்காரர்களாக நின்றார்கள். 1942இல் எகிப்தின் எல் அலமைனில் டாங்கி. 1944 ஜூன் 6 அன்று, கடலில் மிதந்து வரும் ஷெர்மன் டாங்கிகளோடு பிரான்சின் நார்மண்டியில் 'கோல்டு' என்று பெயரிட்ட கடற்கரையில் இறங்கினார்கள்.