சிறந்த இறக்கை, சிறந்த இன்ஜின் – கடிதம்

ஐயா,

ஒலியைவிட வேகமாகப் பறந்த பயணிகள் விமானமான கான்கார்ட் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நான் மெக்கானிக்கல் இறுதியாண்டு மாணவன். எனக்கு ஒரு சந்தேகம். இன்றைய கம்ப்யூட்டர்களை வைத்து சிறந்த இறக்கை, சிறந்த இன்ஜின், சிறந்த உலோகம் என்று தனித்தனியாகக் கண்டுபிடித்துச் சேர்த்துவிட்டால் அதைவிட நல்ல விமானம் வந்துவிடாதா? எல்லாத் துறைகளையும் ஒன்றாகக் கணக்கில் எடுத்துச் சிறந்த வடிவைத் தேடும் ‘பல்துறை உகப்பாக்கம்’ என்று தனியாக ஒரு பாடம் எதற்கு?

கே.

அன்புள்ள கே.,

வராது. ஒலியை முந்தும் விமானத்தில் சத்தியமாக வராது.

காற்றியக்கக்காரர் இறக்கை மெலிசாக இருக்கட்டும் என்பார். தடிமன் கூடினால் இழுவை, அதாவது காற்றின் எதிர்ப்பு, ஏறும். கட்டமைப்புக்காரர் தடிமன் கேட்பார். மெலிந்த இறக்கைக்கு வலுச் சேர்க்கப்போனால் எடை ஏறும். இருவர் சொல்வதும் சரி.

கான்கார்டின் முக்கோண இறக்கை மேக் 2, அதாவது ஒலியைப்போல் இரண்டு மடங்கு வேகத்துக்காக வரைந்தது. மெதுவாக இறங்கும்போது தூக்குவிசையைக் கூட்டும் ஃபிளாப் மடல்கள் அதில் கிடையாது. அதனால் இறங்கும்போது மூக்கை நன்றாகத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். அப்படி வந்தால் விமானிக்கு ஓடுபாதை தெரியாது. அதற்காகக் கீழே மடங்கும் மூக்கு. வால் தரையில் உரசக்கூடாதே, அதற்காக நெட்டைக் கால்கள். இறக்கை வரைந்தவருடைய கோட்டுக்குச் சக்கரம் செய்பவர் வட்டி கட்டினார்.

எரிபொருள் சங்கதி எனக்கு இன்னும் பிடிக்கும். ஒலிவேகத்தைத் தாண்டும்போது தூக்குவிசையின் மையம் ஏறக்குறைய 2 மீட்டர் பின்னால் நகரும். விமானம் தலைகுப்புறச் சாயப் பார்க்கும். இறக்கையின் பின்விளிம்பு மடல்களைத் தூக்கி அதைச் சமாளித்தால் இழுவை கூடும். ஆகவே முன் தொட்டிகளில் இருந்து சுமார் 20 டன் எரிபொருளை வால்பக்கத் தொட்டிக்கு பம்ப் செய்தார்கள். வேகம் குறையும்போது திரும்ப முன்னால். கேபின் குளிர்சாதனம் வெளியேற்றும் சூட்டையும் அதே எரிபொருள்தான் வாங்கிக்கொண்டது. ‘சிறந்த தொட்டி’யை மட்டும் யோசித்தவருக்கு இதெல்லாம் தோன்றியிருக்குமா?

இன்னொன்று: எது ‘சிறந்தது’ என்று கம்ப்யூட்டர் சொல்லாது, நாம்தான் சொல்ல வேண்டும். கான்கார்ட் அட்லாண்டிக்கைத் தாண்டியாக வேண்டும் என்பது அன்றைய இலக்கு. ஒலியை முந்தும்போது அது எழுப்பும் வெடிச்சத்தம் போன்ற அதிரொலியை நிலத்தில் இருப்பவர்கள் பொறுக்கவில்லை. பல நாடுகள் தங்கள் நிலத்துக்கு மேலே அந்த வேகத்தை அனுமதிக்கவில்லை. 2025-ல் முதன்முதலாகப் பறந்த நாசாவின் எக்ஸ்-59 விமானத்துக்கு அந்தச் சத்தத்தைக் குறைப்பதே இலக்கு. சுமார் 30 மீட்டர் நீளத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் மூக்குதான், இன்ஜின் முதுகில். விமானிக்கு முன்கண்ணாடி கிடையாது, கேமராத் திரைதான். அதில் பயணிகளும் கிடையாது, பரிசோதனை விமானம்.

நீங்களே ஒன்று செய்து பார்க்கலாம். நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் சோபியெஸ்கி குழுவினர் 1998-ல் வெளியிட்ட சூப்பர்சோனிக் பிசினஸ் ஜெட் கணக்கு மடிக்கணினியிலேயே ஓடும். கட்டமைப்பு, காற்றியக்கம், உந்துவிசை, பறக்கும் தூரம் என்று நான்கு பகுதிகள்தான். எடை ஏறினால் தூக்குவிசை ஏற வேண்டும். அதனால் இழுவை ஏறும். இழுவைக்குப் பெரிய இன்ஜின். இன்ஜினின் எடை திரும்பவும் முதல் பகுதிக்கே வரும். அதில் தூரத்தைக் கூட்டுவதுதான் இலக்கு. ஒருமுறை அதை முடித்துவிட்டு, தூரத்தை நிலையாக வைத்து எடையைக் குறைக்கச் சொல்லி ஓட்டுங்கள். இரண்டு விடைகளிலும் இறக்கையின் தடிமன் எவ்வளவு மாறுகிறது என்று எனக்கு எழுதுங்கள்.