மெடிக்கலில் பெண்ணுறை கேட்டால் ஏன் சிரிக்கிறார்கள்?

கேள்வி: அக்கா, எனக்கு 31 வயது, இரண்டு பிள்ளைகள். கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் வாந்தியும் தலைவலியும் வருகிறது. ஆணுறை போடச் சொன்னால் வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டு திரும்பிப் படுத்துக்கொள்கிறார். பெண்களே போட்டுக்கொள்ளும் உறை இருக்கிறதாமே? திருப்பாதிரிப்புலியூரில் இரண்டு மெடிக்கலில் கேட்டேன். ஒன்றில் சிரித்தார்கள், இன்னொன்றில் ஆணுறையை எடுத்து வைத்தார்கள். அப்படி ஒன்று நிஜமாகவே இருக்கிறதா? அவருக்குத் தெரியாமல் போட முடியுமா?
– பெயர் வேண்டாம், கடலூர் முதுநகர்

பதில்: இருக்கிறதும்மா. 1993-லேயே அமெரிக்காவில் அனுமதி கிடைத்த பொருள் அது. நீங்கள் கேட்டதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, சிரித்தவர்தான் வெட்கப்பட வேண்டும். நானும் புதுச்சேரியில் கடை கடையாகக் கேட்டுப் பார்த்திருக்கிறேன், 'அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்கம்மா' என்றார் ஒருவர். கடையில் வைக்காததால் யாருக்கும் தெரியவில்லை, யாருக்கும் தெரியாததால் யாரும் கேட்பதில்லை, கேட்காததால் கடையில் வைப்பதில்லை. நம் நாட்டில் இது முதலில் எய்ட்ஸ் தடுப்புத் திட்டத்தின் வழியாகப் பாலியல் தொழில் செய்யும் பெண்களிடம்தான் போனது. குடும்பப் பெண்களிடம் அதைப் பற்றி யாரும் உட்கார்ந்து பேசவே இல்லை. அப்புறம் விலை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நிரோத் ஆணுறை இலவசம், இதுவோ ஆணுறையைவிடப் பல மடங்கு விலை, அதுவும் ஒரு தடவைக்கு ஒன்று.

பார்த்ததும் பயம் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சாண் நீளப் பை, இரண்டு முனையிலும் வளையம். மூடிய முனையில் இருக்கும் சின்ன வளையத்தை விரலால் அமுக்கி, குந்தி உட்கார்ந்தோ ஒரு காலை ஸ்டூல் மேல் வைத்தோ உள்ளே தள்ள வேண்டும், பெரிய வளையம் வெளியே நிற்கும். முதல் தடவை வழுக்கிக்கொண்டு ஓடும், மூன்று நான்கு தடவையில் கைக்கு வந்துவிடும். அவசரமே இல்லை, உறவுக்கு எட்டு மணி நேரம் முன்னால்கூடப் போட்டுக்கொள்ளலாம். முடிந்ததும் எழுந்திருப்பதற்கு முன்பே வெளி வளையத்தை முறுக்கி இழுத்து, பேப்பரில் சுற்றிக் குப்பையில் போடுங்கள், கக்கூஸில் போடாதீர்கள். ஆணுறையோடு சேர்த்து மட்டும் போடக் கூடாது, உரசிக் கிழியும்.

அவருக்குத் தெரியாமல் முடியுமா என்றால், முடியாது. வெளி வளையம் கண்ணில் படும், கையில் படும். 'பெண் கையில் இருக்கும் சாதனம்' என்று எழுதுகிறவர்கள் இதைச் சொல்லாமல் விட்டுவிடுவதில் எனக்கு ரொம்ப நாளாக வருத்தம். ஆனால் சில ஆண்கள் தங்கள் மேல் எதுவும் மாட்ட வேண்டியதில்லை என்றதும் சரி என்று விடுகிறார்கள், அதனால் பேசிப் பாருங்கள்.

கர்ப்பம் வேண்டவே வேண்டாம் என்றால் இதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். சாதாரணமாகப் பயன்படுத்தும் 100 பெண்களில் ஒரு வருடத்தில் சுமார் 21 பேர் கர்ப்பமாகிறார்கள், ஆணுறையில் அது 13. காப்பர் டி, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போடும் அந்தரா ஊசி, ஹார்மோன் இல்லாத சாயா மாத்திரை, இவை அரசு மருத்துவமனையில் இலவசம். தலைவலி வந்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இவை எதுவும் பால்வினை நோயைத் தடுக்காது, அந்தச் சந்தேகம் மனதில் இருந்தால் உறைதான் வேண்டும்.

தமிழ்நாட்டில் கருத்தடை என்றாலே பெண்ணுக்கு ஆபரேஷன் என்று ஆகிவிட்டது, ஆண்கள் செய்துகொள்வது 100-க்கு ஒன்றுகூட இல்லை. அந்த எரிச்சல் எனக்கும் உண்டு. ஆனாலும் ஆண்கள் மாறும்வரை உங்கள் உடம்பு காத்திருக்க வேண்டாம். மஞ்சக்குப்பம் அரசு மருத்துவமனைக்கு நீங்கள் தனியாகவே போகலாம், காப்பர் டி போட்டுக்கொள்ள வீட்டுக்காரர் கையெழுத்து தேவையில்லை. யாராவது கேட்டால், தேவையில்லை என்று எனக்குத் தெரியும் என்று சொல்லுங்கள்.