ஆடிக் காற்றும் ஊதுபத்திப் புகையும்

பெங்களூரில் பாய்ம இயக்கவியல், அதாவது காற்றும் நீரும் ஓடும் விதம் பற்றிய துறையில் ஆய்வாளராக இருக்கிறேன். விடுமுறை கிடைத்தால் மலையில் இருப்பேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் இதோ.

அண்ணா, இந்தத் துறைக்கு எப்படி வந்தீர்கள்? (பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, அல்சூர்)

காற்றுதான் இழுத்து வந்ததம்மா. எனக்கு ஊர் உடுமலைப்பேட்டை. ‘ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்’ என்று பாட்டி சொன்னால் சிரிப்பேன். கொடியில் காய்ந்த என் சட்டை அடுத்த தெரு வேப்பமரத்தில் தொங்கும்போது சிரிப்பு வராது. மேற்குத் தொடர்ச்சி மலை மதிலாக நிற்க, பாலக்காட்டில் மட்டும் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்தில் ஒரு வாசல். தென்மேற்குப் பருவக்காற்று அதில் நெருக்கியடித்து நுழைவதால் வேகம் பிடிக்கிறது. எங்கள் பக்கத்துக் காற்றாலைகள் அதை நம்பித்தான் நிற்கின்றன. கல்லூரியில் இந்தக் காரணம் புரிந்த பிறகு மற்றப் பாடங்கள் சப்பென்று ஆகிவிட்டன.

கொந்தளிப்பு ஓட்டம் என்றால் என்ன சார்? கணக்கு வேண்டாம்.

மின்விசிறியை நிறுத்திவிட்டு ஊதுபத்தி ஏற்றுங்கள். புகை நூல்போல் நேராக ஏறும். ஒரு சாண் போனதும் நெளியும், பிறகு சிக்குப் பிடித்துக் கலையும். நூலாக இருக்கும்வரை சீரோட்டம், கலைந்தபின் கொந்தளிப்பு. 1883இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கண்ணாடிக் குழாயில் ஓடும் தண்ணீரில் சாயம் விட்டு இதையே பார்த்தார். வேகமும் விட்டமும் கூடக் கூட ஏறும் ஓர் எண்ணுக்கு அவர் பெயர். குழாயில் அது சுமார் 2,300ஐத் தாண்டினால் சாய இழை தடுமாறத் தொடங்கும். எண் ஒன்று நுழைந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நந்தி மலைக்கு எப்போது போகலாம்?

விடியுமுன். எல்லோரும் கிழக்கே கைபேசியை நீட்டும்போது நீங்கள் பள்ளத்தைப் பாருங்கள். இரவில் சரிவு குளிர, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துக் கீழே வழிகிறது. மேகம் இருந்தால் அந்த வழிதல் கண்ணுக்கே தெரியும், பொங்கிய பால் பாத்திர விளிம்பில் இறங்குவதுபோல. வெயில் ஏறியதும் காற்று திசை மாறி மேலே வரும். 1,478 மீட்டர் உயரம்; சால்வை அவசியம்.

மலையில் பருப்பு வேகவே இல்லையே, தம்பி?

கைப்பக்குவத்தில் குறையில்லை அக்கா. 300 மீட்டருக்கு ஏறத்தாழ 1 டிகிரி கொதிநிலை குறையும். பெங்களூரிலேயே 97தான். குக்கர் கொண்டுபோங்கள்.

இயந்திரவியல் படித்த என் மகன் இதில் ஆய்வு செய்யலாமா?

தாராளமாக. ஆனால் கணினியை மட்டும் நம்ப வேண்டாம். தப்பான விடைக்கும் அது அழகாக வண்ணம் பூசிக் கொடுக்கும். இஸ்ரோ தலைவராவதற்கு முன் சதீஷ் தவான் இந்த ஊரில் காற்றுச் சுரங்கம், அதாவது காற்றை வேகமாகச் செலுத்திச் சோதிக்கும் கூண்டு, கட்டியவர். மகனும் அப்படியொன்றின் முன் நிற்கட்டும். முதலாண்டில் நான் ‘புதிய சுழல்’ ஒன்றைக் கண்டுபிடித்து மூன்று வாரம் தூக்கமில்லாமல் திரிந்தேன். வழிகாட்டி வந்து சுரங்கத்தின் மூட்டில் விரலை வைத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் ஒட்டுநாடாவை என்னிடம் நீட்டினார்.